வனவிலங்கு மீட்பு மையத்தில் வேலைக்குப் போகலாமா? உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

தர்மபுரி_சுதா எழுதியது:

வணக்கம். விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். வட இந்தியாவில் ஒரு கரடி மீட்பு மையத்தில் ஆறு மாதம் தன்னார்வலராக வரச் சொல்லியிருக்கிறார்கள். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. அம்மா ஒன்றும் பேசாமல் இருக்கிறார், அப்பா "இத்தனை படித்துவிட்டுச் சாணி அள்ளவா அவ்வளவு தூரம் போகிறாய்" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் உள்ளே என்ன வேலை நடக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியாது. குட்டியை மடியில் வைத்துப் புட்டிப்பால் கொடுக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான் இது. தேடிப் பார்த்தால் ஒன்று புகழ்ந்து தள்ளுகிறார்கள், இல்லையென்றால் நன்கொடை கேட்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் வேலை செய்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு நாள் எப்படிப் போகும், விலங்குகளோடு எவ்வளவு பழக விடுவார்கள், கண் முன்னால் ஒன்று இறந்துபோனால் எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள், எல்லாம் சொல்லுங்கள்.

செண்பகம்77 எழுதியது:

சுதா, நான் சென்னையில் பறவைகள் வரும் ஒரு சின்ன மையத்தில் பல வருடமாக வார இறுதிகளில் போய் வருகிறேன். கரடி அளவுக்குப் பெரிய ஆள் எதையும் நான் கையாண்டதில்லை, ஆனால் உங்கள் அப்பா சொன்ன சாணி விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. காலையில் உள்ளே போனதும் நாங்கள் முதலில் பார்ப்பது கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளில் கிடக்கும் எச்சத்தைத்தான். பருந்தோ ஆந்தையோ பச்சையாகப் போட்டிருந்தால் வயிறு காலியாக இருக்கிறது, இரவு வைத்த தீனி உள்ளே போகவில்லை என்று அர்த்தம். தீனித் தட்டு காலியாக இருந்தாலும் நம்பக் கூடாது, எறும்போ எலியோ கூட இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்புறம் எடை. துணியால் தலையை மூடி, தராசில் வைத்து, கிராம் கணக்கில் நோட்டில் எழுத வேண்டும். முந்தின நாளை விடக் குறைந்துகொண்டே வந்தால் மருத்துவர் வரும் வரை காத்திருக்க முடியாது, உடனே கூப்பிட வேண்டும்.

எங்களுக்கு ஏப்ரலில் இருந்து ஜூன் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சுகள், காக்கைகள் துரத்திக் கொத்திப் போட்டவை, வெயிலில் தண்ணீர் இல்லாமல் சுருண்டு விழுந்தவை, பட்டம் விடும் மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பருந்துகள். கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் நல்ல மனதோடு அதன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கொண்டு வருவார்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: தண்ணீர் வேண்டாம், பாலும் பிரெட்டும் வேண்டவே வேண்டாம், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து மூடி, இருட்டாக, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். அது போதும்.

பழகுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் இடத்தில் கூண்டுப் பக்கம் பேசக்கூட மாட்டோம். கூண்டின் மேல் ஒரு துணி தொங்கும். தீனி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதன் கண்ணுக்கு நாம் அதைப் பிடித்துத் தின்ன வந்த மிருகம், நாம் தடவிக் கொடுத்தால் அது அசையாமல் இருப்பது சுகத்தால் இல்லை, பயத்தால். ஆளைக் கண்டால் வாயைத் திறந்து கத்தும்படி ஒரு பருந்துக் குஞ்சை வளர்த்துவிட்டால், வெளியே போன பிறகு அது பசியெடுத்ததும் ஏதாவது ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆள் தோள் மேல்தான் போய் இறங்கும். அந்த வீட்டுக்காரர் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். குஞ்சைக் கொஞ்சியவருக்கு இது தெரியவே போவதில்லை.

ரமேஷ்_கோவை எழுதியது:

யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. பருந்து ஊரெல்லாம் இருக்கிறது. ஒரு பருந்துக்கு இறக்கையில் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் தீனி, ஆள் சம்பளம். அந்தப் பணத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரினால் நூறு பறவைக்கு வாழ இடம் கிடைக்குமே? படித்த பிள்ளைகள் ஆறு மாதம் கூண்டு கழுவுவதை விடக் காட்டைக் காப்பாற்றும் வேலைக்குப் போனால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

காராம்பசு_டாக்டர் எழுதியது:

ரமேஷ், நியாயமான கேள்விதான், கால்நடை மருத்துவனாக இதை நானும் நிறைய யோசித்திருக்கிறேன். குளம் தூர்வாருவதும் வேண்டும். ஆனால் மேசைக்கு வரும் விலங்குகளைப் பாருங்கள், இயற்கையாக நோய் வந்து விழுந்தவை ரொம்பக் குறைவு. மாஞ்சா, மின்கம்பி, வாகனம், எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட சாரைப்பாம்பு (பிய்த்து எடுக்காதீர்கள், சமையல் எண்ணெய் தடவினால் மெல்ல விடும்), இறக்கை வெட்டிக் கூண்டில் அடைத்த கிளி, விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடுக்கிக் கடத்தும்போது பிடிபட்ட நட்சத்திர ஆமைகள். எல்லாம் நம் கையால் வந்தது. நாம் உடைத்ததை நாம் ஒட்டவைக்கிறோம், அவ்வளவுதான். தவிர, எந்தத் தெருவில் எந்த மாதத்தில் நூலில் அறுபட்டு வருகின்றன என்பதை மையங்கள் எழுதி வைப்பதால்தான் தடை கேட்டு வாதாட ஆதாரம் கிடைக்கிறது. நைலான் மாஞ்சாவுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை போட்டது.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதியை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மையத்துக்கு வராமலே திருப்பி அனுப்ப முடிந்தால் அதுதான் முதல் தரமான மீட்பு. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் கரும்புக் காடுதான் சிறுத்தைகளுக்குக் காடு. கரும்பு வெட்டும்போது கண் திறக்காத குட்டிகள் கிடைக்கும். தாய் பக்கத்து வயலில்தான் இருக்கும், ஆள் சத்தத்துக்குப் பயந்து விலகியிருக்கும். முன்பெல்லாம் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், அவை வாழ்நாள் முழுக்கக் கூண்டுக்குள் கிடக்கும், தாயும் தேடித் தேடி வெறிபிடித்தது போல் அந்த ஊரைச் சுற்றும். இப்போது மாணிக்டோவில் உள்ள சிறுத்தை மீட்பு மையத்து மருத்துவர்கள் வனத்துறையோடு போய், குட்டியைப் பரிசோதித்து, அன்று சாயங்காலமே கிடைத்த அதே இடத்தில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, கேமராவைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும்.

நம் பக்கமும் உண்டு. 2023 டிசம்பரில் வால்பாறைப் பக்கம் பன்னிமேட்டில் தாயைப் பிரிந்த யானைக் கன்றை ஆனைமலைப் புலிகள் காப்பக ஊழியர்கள் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டார்கள், சில நாள் கழித்துக் கன்று தாயோடு ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம் வந்ததே, பலர் பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரி வேலைகளில் கன்றைக் குளிப்பாட்டி மனித வாடை போகும்படி சேறோ தாயின் சாணமோ பூசுவார்கள். சாணி அள்ளுவதைப் பற்றிச் சுதாவின் அப்பாவிடம் இதையும் சொல்லலாம்.

மட்டுநகரான் எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். உடவளவையில் இருக்கும் யானைக் குட்டிகளின் இடம் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். எங்கள் வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கியது. சிங்களத்தில் எத் அத்துரு செவன என்பார்கள். வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் பின்னவலையைத்தான் தெரியும், அது 1975இல் தொடங்கியது, அங்கே யானைகள் காலம் முழுக்க அங்கேயே இருக்கும், ஆற்றுக்குக் குளிக்கக் கொண்டு போவார்கள், சனம் பக்கத்தில் நின்று பார்க்கும். உடவளவை அப்படி இல்லை. அங்கே வரும் ஒவ்வொரு குட்டியும் திரும்பக் காட்டுக்குப் போவதற்காகத்தான் வளர்கிறது.

என் மச்சான் ஒருவர் அந்தப் பக்கம் வேலை செய்ததால் அடிக்கடி போயிருக்கிறேன். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பால். நேரம் வந்ததும் குட்டிகள் கத்திக்கொண்டு ஓடிவரும், வாசலில் ஒன்றிரண்டாக விடுவார்கள். ஒரு ஊழியர் குழாயைக் குட்டியின் வாயில் வைக்க, மற்றவர் மேலே புனலில் பாலை ஊற்றுவார். கணக்கான பால் முடிந்ததும் அடுத்தது. கொஞ்சல் இல்லை, விளையாட்டு இல்லை, அடம்பிடித்து நிற்கிற குட்டியை அனுப்பிவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவார்கள். பார்க்க வருகிற நாங்கள் தூரத்தில் மேடையில் நிற்க வேண்டும், தொட முடியாது. பால் குடித்ததும் எல்லாம் சேர்ந்து பற்றைக்குள் போய்விடும், குளத்தோரம் மேயும். அவைக்குள்ளேயே பெரியது சின்னதைப் பார்த்துக்கொள்ளும். முதல்தரம் பார்த்தபோது எனக்கு இவர்கள் சரியான கல்நெஞ்சக்காரர் என்றுதான் பட்டது. மச்சான்தான் விளங்கப்படுத்தினார்: இங்கே இவை ஆட்களை நம்பப் பழகினால் நாளைக்கு ஒரு சேனைப்பயிருக்குள் ஆளை நம்பிப் போய் நிற்கும், கட்டுத்துவக்குக்கு, அதாவது மிருகம் வருகிற வழியில் கட்டிவைக்கிற துவக்குக்குப் பலியாகும்.

ஐந்து வயது அளவில் கூட்டமாகத்தான் விடுவார்கள், தனியாக இல்லை. கூட வளர்ந்தவைதான் இப்போது குடும்பம் என்பதால். முதல் கூட்டத்தை 1998இல் விட்டார்கள். இன்றுவரை நூறுக்கு மேல் போய்விட்டன. விட்ட பெண் யானைகளில் சில காட்டிலேயே குட்டி போட்டிருக்கின்றன. வருகிற குட்டிகளின் நிலையைப் பார்த்தால்தான் நெஞ்சு வெடிக்கும். பாழ்கிணற்றில் விழுந்தவை, கண்ணியில் கால் அறுந்தவை, தாயைச் சுட்டுப்போட்டதால் தனித்தவை. ஹக்க பட்டாசு என்று ஒன்று இருக்கிறது, பன்றிக்கு வைக்கிறது, தீனிக்குள் வெடிமருந்து. குட்டி கடித்தால் வாய் சிதறிவிடும். அப்படி வந்த ஒன்றுக்குப் பால் கொடுக்கிறவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஏலாது.

ரமேஷ்_கோவை எழுதியது:

மட்டுநகரான், கோவையிலும் அதே கொடுமைதான், இங்கே அவுட்டுக்காய் என்போம். தாடை சிதறி, தின்ன முடியாமல் பட்டினியாலேயே யானைகள் செத்திருக்கின்றன. டாக்டர், நீங்கள் சொன்னதையும் படித்தேன். நாம் உடைத்தது என்ற கணக்கு எனக்குப் புரிகிறது.

நைரோபி_மீனா எழுதியது:

தொடாதே, பேசாதே, கிட்டே போகாதே என்று எல்லோரும் சொல்வதைப் படித்துக்கொண்டு வந்தேன். பறவைக்கும் சிறுத்தைக்கும் சரி. இதை எல்லா விலங்குக்கும் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்தப் பதிவு. கணவர் வேலைக்காக நாங்கள் நைரோபியில் இருக்கிறோம். இங்கே டாஃப்னி ஷெல்ட்ரிக் தொடங்கிய அநாதை யானைக் கன்றுகளின் இடம் உண்டு, 1977இல் அவர் கணவர் டேவிட் இறந்த பிறகு அவர் நினைவாக அறக்கட்டளை ஆனது. தாய்ப்பால் குடிக்கும் கன்றை மனிதர் கையால் வளர்க்கவே முடியாது என்று எல்லோரும் கைவிட்டிருந்த காலத்தில், பசும்பாலின் கொழுப்பு அதற்குச் சேராது என்று கண்டுபிடித்து, கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பால் கலக்கி வெற்றி கண்டவர் அவர். தேங்காய் எண்ணெய் என்று கேட்டதும் எனக்கு ஒரு சொந்தமே வந்துவிட்டது.

ஆனால் பாலை விடப் பெரிய பாடம் வேறு. ஆயிஷா என்று ஒரு கன்றைப் பிறந்த சில நாளில் இருந்து அவரே ஆறு மாதம் வளர்த்தார். 1974இல் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். அவர் இல்லாத ஏக்கத்தில் கன்று பால் குடிப்பதை நிறுத்திவிட்டது, அவர் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டது. அதிலிருந்து அங்கே ஒரு கன்று ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ள விடுவதில்லை. ஆனால் தனியாகவும் விடுவதில்லை. பச்சை மேலங்கி போட்ட பராமரிப்பாளர்கள் இரவில் கன்றின் கொட்டிலிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறார்கள், இன்றைக்கு இவர், நாளைக்கு வேறொருவர். பால் குடிக்கும்போது தும்பிக்கையைச் சாய்த்துக்கொள்ள ஒரு கம்பளியைத் தொங்கவிடுவார்கள், தாயின் வயிறு மாதிரி. ரொம்பச் சின்னதாக இருந்தால் காது வெயிலில் வெந்துவிடாமல் களிம்பு பூசுவார்கள். தொடுகை இல்லாமல் யானைக் கன்று பிழைக்காது. பிறகு சாவோ என்ற காட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஏற்கெனவே விடப்பட்ட யானைகளோடு பழகவிட்டு, வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பிரிகிறார்கள்.

அதனால் சுதா, தொடலாமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். இந்த விலங்கு எப்படி வாழும் விலங்கு, வெளியே போகுமா போகாதா, அதற்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

மட்டுநகரான் எழுதியது:

மீனா அக்கா சொல்வது சரி. உடவளவையிலும் பச்சைக் குட்டியை ஆட்கள் விட்டுப் பிரிவதில்லை. நான் சொன்னது பால் குடிக்க ஓடிவருகிற வயதுக் குட்டிகளை.

சம்பல்_பயணி எழுதியது:

சுதா போகப் போவது கரடி மையத்துக்கு என்பதால் நான் எழுதியே ஆக வேண்டும். ஆக்ராவுக்குப் பக்கத்தில் சுர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள் இருக்கும் கரடி மையத்தில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். இதுவரை இந்த இழையில் பேசியது எல்லாம் திரும்பிப் போகும் விலங்குகளைப் பற்றி. அங்கே இருப்பவை போகாது. அந்த வேலை முற்றிலும் வேறு.

பின்கதை தெரியாதவர்களுக்கு: கலந்தர் என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கரடியை ஆடவைத்துப் பிழைத்தார்கள். தாயைக் கொன்று குட்டியைப் பிடித்து விற்பார்கள். மூக்கில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டுக் கயிறு கோர்ப்பார்கள், கோரைப் பற்களை உடைத்துவிடுவார்கள். கயிற்றை மேலே சுண்டினால் வலி தாங்காமல் கரடி இரண்டு காலில் நின்று குதிக்கும், அதற்குப் பெயர் ஆட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் கரடியைப் பறித்தால் எங்கே வைப்பது, அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்ற இரண்டுக்கும் பதில் இல்லாமல் முப்பது வருடம் போனது. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு ஆக்ரா மையத்தை அமைத்த பிறகு 2002 முதல் கரடிகள் வந்தன, கொடுத்தவர்களுக்கு வேறு தொழில் தொடங்கப் பணமும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்தது. 2009இல் கடைசிக் கரடியோடு தெருவில் ஆடும் கரடி என்பது முடிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள். பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டாவிலும் ஒரு மையம் உண்டு. கலந்தர் குடும்பத்து ஆட்கள் சிலர் இப்போது கரடி பராமரிப்பாளர்களாகவே வேலை பார்க்கிறார்கள், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரும் அவர்களில் ஒருவர். கரடியின் காது அசைவை வைத்தே அதற்குப் பல் வலி என்று சொல்லிவிடுவார்.

இப்போது நாள் எப்படிப் போகும் என்பது. விடிந்தும் விடியாமலும் பெரிய அண்டாக்களில் கஞ்சி. தானியங்கள், பால், முட்டை, தேன். பல் இல்லாதவைக்கு அதுதான் வசதி. கஞ்சி ஆற வேண்டும், சூடாக வைத்தால் வாய் வெந்துவிடும், ஆறவிட்டுக்கொண்டிருக்கும்போது அடைப்புக்குள் உறுமல் கிளம்பிவிடும். கரடிகள் கஞ்சிக்காக உள்கொட்டிலுக்கு வந்ததும் கதவை அடைத்துவிட்டு வெளி அடைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். பூட்டை ஒருவர் போட்டு இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. சுத்தம் செய்து முடித்ததும் முக்கியமான வேலை தொடங்குகிறது: அன்றைய நாளை அவற்றுக்குச் சுவையாக்குவது. மரக்கட்டையில் துளை போட்டு உள்ளே தேன் தடவுவோம், பேரீச்சம்பழத்தை மண்ணுக்கடியில் புதைப்போம், கோடையில் தர்பூசணி, ஐஸ் கட்டிக்குள் பழம். நம் கரடிக்கு மேல்வரிசையில் நடு இரண்டு பல் இயற்கையிலேயே கிடையாது, அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். கட்டையில் இருந்து தேனை உறிஞ்சும் சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்றால், ஒன்றும் வைக்காமல் விட்டால் சில கரடிகள் ஒரே இடத்தில் நின்று தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருக்கும். கயிறு போய்ப் பல வருடம் ஆகியும் கயிற்றில் கட்டியது போலவே ஆடும். அந்த ஆட்டம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் குறைகிறது என்பதுதான் அங்கே எங்களுக்கு அளவுகோல். ஒரு கிழட்டுப் பெண் கரடி, இரண்டு கண்ணும் தெரியாது. அது மண்ணைத் தோண்ட ஆரம்பித்த நாளில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தோம்.

கரடியை மடியில் வைக்கும் பேச்சே இல்லை, சுதா. ஆனால் ஒரு வகையில் தொடுவீர்கள். ரத்தம் எடுப்பதற்காகக் கம்பி வழியாகத் தானாகவே முன்காலை நீட்டப் பழக்கியிருக்கிறார்கள், நீட்டினால் தேன். அடியில்லை, மயக்க மருந்து இல்லை, பிடிக்காவிட்டால் காலை இழுத்துக்கொள்ளலாம். மனிதன் நீட்டச் சொல்லி வலி மட்டுமே கண்ட மிருகம் அது. அது நீட்டிய கையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எந்தப் படமும் தேவைப்படவில்லை.

தர்மபுரி_சுதா எழுதியது:

அண்ணா, இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். பிறகு "பூட்டை இரண்டு பேர் பார்ப்பார்களா" என்று மட்டும் கேட்டார். இறப்பைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் அம்மா நினைத்துப் பயப்படுகிறார், என்னைத் தெரியும் அவருக்கு.

ஓய்வுபெற்ற_வனவர் எழுதியது:

அம்மா சுதா, அதைப் பற்றி நான் சொல்கிறேன். காட்டு வேலையில் இருந்தவன், மையத்துக்கு விலங்கைக் கொண்டுபோய் விடுகிறவன் நான், அதனால் முதல் சில மணி நேரம் என் கையில்தான் இருக்கும். நிறைய இறக்கும். மான் இருக்கிறதே, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கும், நாய் துரத்தியதில் ஊருக்குள் வந்திருக்கும், கூட்டம் சுற்றி நின்று படம் எடுக்கும், நாம் மீட்டு வண்டியில் ஏற்றுவோம், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இறந்துவிடும். பயத்தில் துள்ளித் துள்ளித் தசை கெட்டு, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதனால் மானைப் பிடித்தால் உடனே கண்ணைக் கட்டு, கூட்டத்தை விரட்டு, ஒருவரும் பேசாதே என்பதுதான் நான் என் பையன்களுக்குச் சொன்ன முதல் பாடம். எல்லாம் சரியாகச் செய்தும் போகும்.

கருணைக் கொலையும் நடக்கும். முதுகெலும்பு முறிந்து வந்த விலங்கை, பறக்கவே முடியாதபடி இறக்கை மூட்டு நொறுங்கிய பறவையை என்ன செய்வது என்று மருத்துவர்தான் முடிவு செய்வார். அந்த மேசையைச் சுற்றி நிற்கும் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்காது. இது பழகிப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பழகத் தேவையும் இல்லை. நான் பார்த்த நல்ல ஆட்கள் எல்லோரும் அன்று அழுதுவிட்டு, அடுத்த கூண்டுக்குத் தீனி வைக்கும் நேரம் ஆனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனவர்கள்தான். அம்மாவிடம் சொல், அழுகிற பிள்ளைக்கு இந்த வேலை ஆகாது என்று இல்லை.

இறப்பை விட எனக்கு வலிப்பது ஒன்று உண்டு. குரங்குக் குட்டியை யாராவது வீட்டில் வைத்து வளர்ப்பார்கள், சட்டை போட்டுப் பிஸ்கட் கொடுத்து. மூன்று நான்கு வயதில் பல் வந்து கடிக்கத் தொடங்கியதும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் காட்டில் விட்டால் அங்கே இருக்கும் கூட்டம் கடித்துக் குதறிவிடும், அதற்குக் குரங்கு மொழியே தெரியாது. கூண்டிலேயே கிடக்க வேண்டியதுதான். கிளியும் அப்படியே. நம் நாட்டுக் கிளியை வளர்ப்பது குற்றம் என்று இன்னும் பாதி ஊருக்குத் தெரியாது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். ரேபிஸ் தடுப்பூசியைக் கடிபட்ட பிறகு என்று விடாமல் போகும் முன்பே போட்டுக்கொள், டெட்டனஸும். கரடிக்குக் காசநோய் வரும், மனிதனிடம் இருந்து அதற்கும் அதனிடம் இருந்து மனிதனுக்கும் போகும், ஆகவே உனக்கே ஒரு பரிசோதனை எடுத்துக்கொண்டு போ. காலில் சேற்றுப்புண், வெட்டுக்காயம் எதுவும் இருந்தால் கழுவுகிற வேலையில் இறங்காதே, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். பினாயிலைப் பற்றி ஒன்று, சிறுத்தை, காட்டுப்பூனை இருக்கும் கூண்டில் அதை ஊற்றக் கூடாது, பூனை இனத்துக்கு அது நஞ்சு.

காராம்பசு_டாக்டர் எழுதியது:

வனவர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லா மையமும் மீட்பு மையம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பல இடங்களில் அநாதைச் சிங்கக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம் வாருங்கள் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பணம் வாங்கினார்கள். அந்தக் குட்டிகள் அநாதை இல்லை, அதற்காகவே ஈன வைத்துத் தாயிடம் இருந்து பிரித்தவை. வளர்ந்ததும் வேலிக்குள் வைத்துச் சுடுகிற வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்றைக் கேட்கலாம். இங்கே குட்டி ஈன விடுகிறீர்களா? (நம் நாட்டில் மீட்பு மையத்தில் அது கூடாது, மத்திய விலங்கியல் பூங்கா ஆணையத்தின் விதி.) வருகிறவர்கள் விலங்கோடு படம் எடுக்கலாமா? வந்தவை, போனவை, இறந்தவை கணக்கைக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் போகாதே. நானே ஒரு இடத்தில் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவன், பெயர் வேண்டாம்.

செண்பகம்77 எழுதியது:

விடுமுறை தருகிறார்களா என்றும் கேளுங்கள் சுதா. தன்னார்வலர்தானே என்று வாரம் ஏழு நாளும் வேலை வாங்கும் இடங்கள் உண்டு. களைத்தவர்தான் பூட்டை மறப்பார்.

தர்மபுரி_சுதா எழுதியது:

எல்லாக் கேள்வியையும் எழுதி வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்டுவிட்டேன். இனப்பெருக்கம் கிடையாது, கரடியோடு படம் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை, வந்தவை இறந்தவை கணக்கு வருடாவருடம் வெளியிடுகிறார்கள், மின்னஞ்சலில் அனுப்பியும் வைத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. பூட்டு விஷயத்தை அப்பாவே ஃபோனை வாங்கிக் கேட்டார், இரண்டு பேர்தான் என்று சொன்னார்கள். முதல் மூன்று வாரம் கஞ்சி, சுத்தம், நோட்டு எழுதுவது மட்டும், அதன் பிறகுதான் கரடி இருக்கும் பக்கமே விடுவார்களாம். தடுப்பூசி இன்று முதல் ஊசி போட்டாயிற்று. அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பெட்டியில் ஸ்வெட்டர் வைத்திருக்கிறார்.

சம்பல்_பயணி எழுதியது:

நல்லது. ஜனவரிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதாது, உள்ளே போடக் கம்பளி உடை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை இங்கேயே உங்கள் அளவுக்குப் பார்த்து வாங்கிவிடுங்கள், அங்கே பெண்கள் அளவு கிடைப்பது கஷ்டம். இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை, பராமரிப்பாளர்களிடம் கரடி பெயரைச் சொல்லிக் கையைக் காட்டினாலே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். போனதும் ஒரு வரி போடுங்கள்.